ஃபாக்ஸ்ப்ரோவிலிருந்து விண்டோஸ் ஃபங்ஷன்களைக் கூப்பிடும்போது டேபிளைக் காப்பாற்றுவது எப்படி?

கேள்வி (மேலூரிலிருந்து ஒரு வாசகர்): 3 ஜூன் 2023, காலை 11.20

அண்ணே, இங்க ஒரு அரிசி மண்டிக்கு மைக்ரோசாஃப்ட்டோட பழைய டேட்டாபேஸ் மொழி விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ 9-ல பில்லிங் ஓடுது. பில் போட்டது யாரு, எந்தக் கம்ப்யூட்டர்லன்னு பதியச் சொன்னாங்க. டிக்ளேர்ங்கிற கட்டளை போட்டு விண்டோஸோட சொந்த ஃபங்ஷனை (ஏபிஐ) நேரடியாக் கூப்பிட்டேன். சில கம்ப்யூட்டர்ல பேரு சரியா வருது. சிலதுல பேருக்குப் பின்னாடி கட்டம் கட்டமா குப்பை. நேத்து பில் போட்டுக்கிட்டு இருக்கும்போதே புரோகிராம் மூடிக்கிச்சு, திரும்பத் திறந்தா பில் டேபிளோட இண்டெக்ஸ் (தேடுறதுக்கான வரிசை ஃபைல்) கெட்டுப்போய்க் கிடக்கு. டிரை-கேட்ச் (பிழை வந்தாப் பிடிக்கிற கட்டளை) போட்டாப் போதும்னு ஒருத்தர் சொல்றார். போதுமாண்ணே?

3 ஜூன் 2023, இரவு 9.50

போதாது தம்பி. டிரை-கேட்ச் எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும் என்று தனியாக எழுதுகிறேன். அதற்கு முன்னால் பஃபரை, அதாவது விடையை எழுதச் சொல்லி விண்டோஸுக்கு நாம் கொடுக்கும் இடத்தைப் பார்ப்போம். உங்கள் தொந்தரவு எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

ஃபாக்ஸ்ப்ரோவுக்குள் இருக்கும்வரை ஸ்ட்ரிங்கின் நீளத்தை மொழியே பார்த்துக்கொள்ளும். பத்து எழுத்து இருந்த வேரியபிளில் நூறு எழுத்தைப் போட்டாலும் தானே இடம் எடுத்துக்கொள்ளும். டிக்ளேர் போட்டு வெளியே போனதும் அந்தப் பொறுப்பு நம் தலையில் விழுகிறது. விண்டோஸிடம் போய்ச் சேருவது ஒரு நினைவக முகவரியும், "இங்கே இத்தனை இடம் இருக்கிறது" என்று நாம் சொல்லும் ஓர் எண்ணும்தான். அந்த எண்ணை அது அப்படியே நம்பும். ஸ்பேஸ்(10) என்று பஃபர் எடுத்துவிட்டு 257 இடம் இருப்பதாகச் சொன்னால், பெயர் சின்னதாக இருக்கும் கம்ப்யூட்டரில் எல்லாம் ஒழுங்காக ஓடும். அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற பெயரில் நுழைந்திருக்கும் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்து 13, முடிவுக்கு ஒரு பூஜ்ய பைட், ஆக 14. நான்கு பைட் பக்கத்து இடத்தில் போய் விழும். அந்தப் பக்கத்து இடத்தில் என்ன இருந்தது என்பது அன்றைய அதிர்ஷ்டம். உங்கள் பில் டேபிளின் இண்டெக்ஸ் சம்பந்தப்பட்ட ஏதாவது இருந்திருக்கலாம்.

இனி குப்பை எழுத்து. யூசர் பெயரைத் தரும் கெட்யூசர்நேம், நீளத்தைத் திருப்பித் தரும்போது கடைசிப் பூஜ்ய பைட்டையும் சேர்த்துச் சொல்லும். கம்ப்யூட்டர் பெயரைத் தரும் கெட்கம்ப்யூட்டர்நேம் அதைச் சேர்க்காமல் சொல்லும். இரண்டுக்கும் ஒரே மாதிரி வெட்டினால் ஒன்றில் ஓர் எழுத்து குறையும், அல்லது இன்னொன்றில் ஒரு கட்டம் ஒட்டிக்கொள்ளும். வெட்டாமலே விட்டால் பஃபர் முழுக்க வந்து நிற்கும். நான் நீளத்தை நம்பி வெட்டுவதே இல்லை. பஃபரின் கடைசியில் நானே ஒரு பூஜ்ய பைட்டை ஒட்டிவிட்டு, முதல் பூஜ்ய பைட் எங்கே இருக்கிறதோ அதற்கு முன்னால் உள்ளதை மட்டும் எடுப்பேன். எந்த ஃபங்ஷனாக இருந்தாலும் இது நிற்கும்.

அளவு: கம்ப்யூட்டர் பெயருக்கு 16 பைட், யூசர் பெயருக்கு 257. பஃபரை ரெப்ளிகேட் போட்டுப் பூஜ்ய பைட்டால் நிரப்புங்கள். அளவைச் சொல்லும் வேரியபிளில் எண்ணைக் கையால் எழுதாதீர்கள், லென்(பஃபர்) என்றே கொடுங்கள். நாளைக்கு யாராவது பஃபரைச் சின்னதாக்கினாலும் அளவும் கூடவே மாறிவிடும்.

4 ஜூன் 2023, காலை 6.35

இன்னொன்று. உங்கள் தேவைக்கு ஏபிஐ வேண்டியதே இல்லை. சிஸ்(0) என்று கேட்டால் கம்ப்யூட்டர் பெயர், நடுவில் ஒரு # குறி, யூசர் பெயர் மூன்றும் ஒரே வரியில் வரும். டெம்ப் ஃபோல்டருக்கு சிஸ்(2023), டிஸ்க்கில் மிச்ச இடத்துக்கு டிஸ்க்ஸ்பேஸ், ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்க்க டைரக்டரி. டிக்ளேர் எழுதக் கை போகும்போதெல்லாம் முதலில் ஹெல்ப் ஃபைலைத் திறந்துவிடுங்கள். இந்த மொழியில் ஒளிந்து கிடப்பது அத்தனை.

கெட்என்வ் போட்டு யூசர்நேம் வாங்குவது மட்டும் வேண்டாம். விண்டோஸின் கமாண்ட் விண்டோவில் (கருப்புத் திரை) ஒரு வரி அடித்து அந்தப் பெயரை மாற்றிவிட்டு, அங்கிருந்தே பில்லிங்கைத் திறந்தால் மாற்றிய பெயர்தான் பதிவாகும். யார் பில் போட்டது என்ற பதிவு நாளைக்கு ஒரு சண்டையில் சாட்சியாக நிற்க வேண்டியது.

4 ஜூன் 2023, இரவு 10.15

டிரை-கேட்ச் கதை.

ஃபாக்ஸ்ப்ரோ 8-ல்தான் டிரை-கேட்ச் வந்தது. வெளியே கூப்பிட்ட ஃபங்ஷன் அந்த இடத்திலேயே, அந்த நொடியிலேயே தடுக்கி விழுந்தால் பிழை எண் 2028 வரும். டிக்ளேர் அழைப்பில் எக்ஸெப்ஷன் என்று பொருள். இதை டிரை-கேட்ச் பிடிக்கும். உங்களிடம் சொன்னவர் இதைப் பார்த்திருப்பார், அவர் சொன்னதில் பாதி சரி.

மீதிப் பாதிதான் ஆபத்து. பஃபர் வழிந்து பக்கத்து நினைவகத்தில் எழுதிவிட்டால் அந்த நேரத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஃபங்ஷன் வெற்றி என்று சொல்லித் திரும்பி வரும், கேட்ச் சும்மா இருக்கும். பத்து பில் தள்ளி, அதற்குத் துளியும் சம்பந்தமில்லாத ஓர் இடத்தில், சி0000005 என்று ஒரு பெட்டி வந்து புரோகிராம் மொத்தமும் போய்விடும். இதை எந்தக் கேட்சும் பிடிக்காது. எர்ரர் லாக்கில் பதிவாகும் வரி எண்ணும் குற்றம் செய்த வரியாக இருக்காது. கடைசியாகப் புதிதாக டிக்ளேர் சேர்த்தது எங்கே என்று தேடுவதே எனக்குத் தெரிந்த குறுக்கு வழி.

டேபிள் ஏன் கெடுகிறது? ஃபாக்ஸ்ப்ரோவில் சர்வர் என்று தனியாக ஒன்று கிடையாது. உங்கள் புரோகிராமேதான் டேபிளையும் இண்டெக்ஸையும் மெமோவையும் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வெளி ஃபங்ஷன் ஓடுவதும் அதே பிராசஸுக்குள், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் அதே புரோகிராமுக்குள். அது செத்தால் இதுவும் சாகும். ரெக்கார்டு எழுதியாகிவிட்டது, ஹெடரில் எண்ணிக்கை இன்னும் ஏறவில்லை என்கிற நிலையில் செத்தால், மறுபடி திறக்கும்போது 2091 வந்து டேபிள் கெட்டுவிட்டது என்று சொல்லும். அதனால் நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். டேபிளில் எழுதுவதை ஒரே மூட்டையாகக் கட்டும் பிகின் டிரான்ஸாக்ஷனுக்கும் எண்ட் டிரான்ஸாக்ஷனுக்கும் நடுவில் ஒரு வெளி அழைப்பும் இருக்கக்கூடாது. யூசர் பெயர், நேரம், எடை என்று வெளியிலிருந்து வாங்க வேண்டியதை எல்லாம் முன்கூட்டியே வேரியபிளில் வாங்கி வைத்துக்கொள். பிரிண்ட் மாதிரி வெளியே அனுப்ப வேண்டியதை எல்லாம் டிரான்ஸாக்ஷன் முடிந்து, ஃப்ளஷ் ஃபோர்ஸ் கொடுத்த பிறகு அனுப்பு. ஃபாக்ஸ்ப்ரோ 9-ல் ஃப்ளஷுக்குப் பின்னால் ஃபோர்ஸ் என்று சேர்த்தால்தான் விண்டோஸ் தன் கையில் வைத்திருப்பதையும் டிஸ்க்கில் எழுதும். வெறும் ஃப்ளஷ் பாதி வழியில் நின்றுவிடும்.

7 ஜூன் 2023, இரவு 11.05

விருதுநகரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: டிக்ளேர் இவ்வளவு ஆபத்தென்றால் ரன் கட்டளை போட்டு கமாண்ட் விண்டோ வழியாகவே செய்துவிடலாமே, அது தனி பிராசஸ்தானே?

தனி பிராசஸ்தான். நினைவகம் தப்பிக்கும். வேறொரு கதவு திறக்கும்.

கீழமாசி வீதிப் பக்கம் ஒரு மொத்த மளிகைக் கடை. வேறொருவர் எழுதிய பில்லிங், என் கைக்குப் பராமரிப்புக்கு வந்தது. பில் முடிந்ததும் அதன் நகலை வாடிக்கையாளர் பெயரிலேயே ஒரு ஃபைலாக இன்னொரு டிரைவுக்குக் காப்பி செய்ய ரன் கட்டளை. பல காலமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் சில வாடிக்கையாளர்களுக்கு மட்டும் நகல் பாதிப் பெயரோடு கிடந்தது. அது எந்த வாடிக்கையாளர்கள் என்று பட்டியல் எடுத்தால், அத்தனையும் "இன்னார் & சன்ஸ்", "இன்னார் & கோ". கமாண்ட் விண்டோவுக்கு & என்பது ஒரு கட்டளை முடிந்து அடுத்த கட்டளை தொடங்கும் இடம். ஆகவே & குறிக்கு முன்னால் உள்ளது வரை ஃபைலாகக் காப்பி ஆனது. அதற்குப் பின்னால் உள்ள "சன்ஸ்" ஒரு புரோகிராமின் பெயராக எடுத்துக்கொள்ளப்பட்டு, அப்படி ஒன்றும் இல்லை என்று கருப்புத் திரையில் ஒரு கண்ணிமை நேரம் மின்னி மறைந்தது. கடையில் யார் கவனிப்பார்கள்?

இதை அந்தக் கடையின் கல்லாவில் இருந்த பெரியவரிடம் காட்டினேன். வாடிக்கையாளர் பெயர்க் கட்டத்தில் & போட்டு, பின்னால் கால்குலேட்டரின் பெயரை அடித்து பில்லை முடித்தேன். கால்குலேட்டர் தானாகத் திறந்தது. "அப்போ இதே எடத்துல அழிக்கச் சொல்லி அடிச்சா அழிஞ்சிருமா?" என்றார் அவர். அழிந்துவிடும் அய்யா என்றேன். அன்று மாலையே மாற்றச் சொல்லிவிட்டார். பெயர்க் கட்டத்தில் என்ன வேண்டுமானாலும் அடிக்கலாம். அதை அப்படியே கட்டளையில் ஒட்டினால் பில் போடும் பையன் கையில் அந்தக் கம்ப்யூட்டர் முழுவதையும் கொடுத்தது மாதிரிதான்.

மாற்றியது எப்படி? ரன் கட்டளையை எடுத்துவிட்டு ஃபாக்ஸ்ப்ரோவின் சொந்த காப்பி ஃபைல் கட்டளையைப் போட்டேன். அதற்கு & என்பது வெறும் ஓர் எழுத்து.

8 ஜூன் 2023, காலை 7.10

"இரட்டை மேற்கோள் போட்டால் & பிரச்சினை தீர்ந்துவிடுமே" என்று அதே நண்பர். & தீரும். ஆனால் இரண்டு % குறிகளுக்கு நடுவே உள்ள பெயரை மேற்கோளுக்குள்ளும் கமாண்ட் விண்டோ பிரித்துப் படிக்கும். பெயருக்குள்ளேயே ஒரு மேற்கோள் குறி இருந்தால் நீங்கள் போட்ட மேற்கோள் அங்கேயே மூடிக்கொள்ளும். ஒவ்வொரு குறியாகத் துரத்துவதை விட்டுவிடுங்கள். ஃபைலுக்கு பில் எண்ணையே பெயராக வையுங்கள். மனிதர் அடிக்கும் எழுத்து கட்டளை வரிக்குள் போகவே கூடாது.

புரோகிராமை ஓட்டியே ஆக வேண்டும் என்றால் கிரியேட்பிராசஸ் என்ற விண்டோஸ் ஃபங்ஷன். அதில் ஒரு கண்ணி உண்டு: முதல் இடத்தைக் காலியாக விட்டு, புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் உள்ள ஒன்றை மேற்கோள் இல்லாமல் கட்டளை வரியில் கொடுத்தால், அந்த இடைவெளியில் வெட்டி, சி டிரைவின் மேலேயே 'புரோகிராம்' என்று ஓர் ஈஎக்ஸ்ஈ இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். அங்கே யாராவது ஒன்றைப் போட்டு வைத்திருந்தால் அதுதான் ஓடும். முழுப் பாதையையும் மேற்கோளுக்குள் கொடுங்கள்.

15 ஜூன் 2023, இரவு 9.20

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் ஒரு கடைக்கு எடை மெஷினை பில்லிங்கோடு இணைத்தது பற்றி எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். எழுதுகிறேன், ஏனென்றால் வெளி அழைப்பில் என்னவெல்லாம் தவறாகப் போக முடியுமோ அத்தனையும் அங்கே ஒரே இடத்தில் இருக்கிறது.

விடியற்காலை மல்லி வந்து இறங்கும் நேரத்தில் பில் போடுபவர் ஒரு நொடிகூட நிற்க முடியாது. விலையும் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். மெஷின் சீரியல் கேபிளில் எடையை அனுப்பிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டரில் சீரியல் போர்ட் இல்லாததால் யூஎஸ்பி மாற்றி. அது தனக்கு காம் 11 என்று எண் எடுத்துக்கொண்டது. காம் 1 முதல் 9 வரை வெறும் பெயரைக் கொடுத்தால் கிரியேட்ஃபைல் திறக்கும். 10-லிருந்து மேலே போனால் பெயருக்கு முன்னால் \\.\ சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் திறக்காது. மாற்றியை வேறு யூஎஸ்பி ஓட்டையில் செருகினால் எண் மாறிவிடவும் கூடும். எப்போதும் அந்த முன்னொட்டைச் சேர்த்தே எழுதுங்கள், சின்ன எண்ணுக்கும் அது வேலை செய்யும்.

திறந்ததா இல்லையா என்று பார்ப்பதில் அடுத்த கண்ணி. மியூட்டெக்ஸ் (ஒரே நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு) உண்டாக்கும் ஃபங்ஷன் தோற்றால் 0 தரும். கிரியேட்ஃபைல் தோற்றால் -1 தரும். ஷெல்எக்ஸிக்யூட் 32-க்கு மேல் தந்தால்தான் வெற்றி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் தோற்கும். எல்லாவற்றுக்கும் "0 இல்லையென்றால் வெற்றி" என்று ஒரே நிபந்தனை எழுதி வைத்திருந்தால் -1 என்ற ஹேண்டிலை (திறந்ததற்கு விண்டோஸ் தரும் அடையாள எண்) வைத்துக்கொண்டு படிக்கப் போவீர்கள்.

பிறகு படிப்பது. டைம்அவுட் அமைக்காமல் ரீட்ஃபைலைக் கூப்பிட்டால், நீங்கள் கேட்ட அத்தனை பைட்டும் வரும்வரை அது திரும்பாமல் நிற்கக்கூடும். ஃபாக்ஸ்ப்ரோவுக்கு இருப்பது ஒரே திரெட், ஒரு நேரத்தில் ஒரு வேலைதான். கேபிள் கழன்றிருந்தால் திரை உறைந்துவிடும். பில் போடுபவர் கோபத்தில் பவர் பட்டனை அமுக்குவார், டேபிள் திறந்த நிலையிலேயே போகும். டைம்அவுட்டுக்கான கட்டமைப்பு 20 பைட், நான்கு நான்கு பைட்டாக ஐந்து எண்கள். முதல் எண்ணில் -1, மற்ற நான்கிலும் 0 என்று வைத்தால், இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு உடனே திரும்பிவிடும். எண்ணைப் பைட்டாக மாற்றும் பின்டுசி(-1, 4ஆர்எஸ்) போட்டு, அதன் பின்னால் 16 பூஜ்ய பைட். அந்த ஆர்எஸ்ஸை விட்டுவிடாதீர்கள். சும்மா பின்டுசி என்று போட்டால் இண்டெக்ஸ் வரிசைக்கு ஏற்றபடி பைட்டைத் திருப்பி, குறியையும் மாற்றித் தரும். விண்டோஸுக்கு அது வேறு எண்.

உடனே திரும்பினால் பாதி எடை வரும். 12.450 என்று மெஷின் அனுப்பும்போது முதல் முறை 12.4 என்றும் அடுத்த முறை 50 என்றும் கிடைக்கும். பாதியை எடை என்று நம்பி பில் போட்டால் வியாபாரி கடைக்கே வந்து கேட்பார். எத்தனை பைட் வந்தது என்று ஃபங்ஷன் சொல்கிறதோ அத்தனையை மட்டும் எடுத்து ஒரு வேரியபிளில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். வரி முடிவுக் குறி வந்த பிறகுதான் அதை எடையாகப் பாருங்கள். அடுத்தடுத்து ஒரே எடை வந்தால்தான் தட்டு நின்றுவிட்டது என்று பொருள்.

கடைசியில் குளோஸ்ஹேண்டில். சீரியல் போர்ட்டை ஒருவர்தான் பிடித்திருக்க முடியும். மூடாமல் விட்டு மறுபடி திறக்கப் போனால் பிழை 5, அனுமதி இல்லை என்று வரும். அதைப் பார்த்துவிட்டு மெஷின் போய்விட்டது என்று ஆள் அனுப்பச் சொல்வார்கள். மூடும் வரியை ஃபைனலிக்குள் வையுங்கள். டிரைக்குள் பிழை வந்தாலும் ஃபைனலி ஓடும்.

15 ஜூன் 2023, இரவு 9.55

மேலே பிழை எண் பற்றி எழுதியதோடு சேர்த்துப் படிக்க: கெட்லாஸ்ட்எர்ரரை முன்கூட்டியே டிக்ளேர் செய்து வையுங்கள். தோற்ற பிறகு டிக்ளேர் செய்தால், அந்த டிக்ளேரே உள்ளுக்குள் டிஎல்எல்லை (ஃபங்ஷன்கள் இருக்கும் ஃபைல்) தேடி ஏற்றும் வேலையைச் செய்யும், பழைய பிழை எண் அதில் மாறிப்போகலாம். அழைத்த அடுத்த வரியிலேயே எண்ணை வாங்கிவிட வேண்டும். நடுவில் ஒரு வெயிட் விண்டோகூட வேண்டாம்.

22 ஜூன் 2023, இரவு 10.40

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு நேரடியாக எழுத்தை அனுப்புவது. கார்பன் பில் இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம்.

ஓபன்பிரிண்டர், ஸ்டார்ட்டாக்பிரிண்டர், ரைட்பிரிண்டர் என்று வரிசையாகக் கூப்பிட வேண்டும். இடையில் வரும் கட்டமைப்பு 12 பைட்தான், ஆனால் அதற்குள் இருப்பது எழுத்து இல்லை, எழுத்து இருக்கும் இடத்தின் மூன்று முகவரிகள். ஃபாக்ஸ்ப்ரோ ஸ்ட்ரிங்கின் முகவரியை நாம் நேரடியாக எடுத்து வைத்துக்கொள்ள முடியாது, வைத்தாலும் அடுத்த வரியில் அது இடம் மாறியிருக்கலாம். அதனால் ஹீப்அல்லாக் போட்டு விண்டோஸிடம் இடம் வாங்கி, எழுத்தை அங்கே நகலெடுத்து, அந்த முகவரியைக் கட்டமைப்பில் வைக்க வேண்டும். முடிந்ததும் ஹீப்ஃப்ரீ, அதுவும் ஃபைனலிக்குள். திருப்பிக் கொடுக்காவிட்டால் புரோகிராம் மூடும்வரை அந்த இடம் திரும்பாது. காலையில் திறந்து இரவு வரை மூடாத கடையில் சாயங்காலத்துக்கு மேல் மெதுவாகிக்கொண்டே போகும்.

கட்டமைப்புகளில் சிலவற்றுக்கு முதல் நான்கு பைட்டில் அதன் நீளத்தை அதுவே சொல்ல வேண்டும். நினைவக நிலையைக் கேட்கும் புதிய ஃபங்ஷனுக்கு 64. அதை நிரப்பாமல் அனுப்பினால் வெறுமனே தோற்கும். அது பரவாயில்லை, தோற்றது தெரிகிறது.

23 ஜூன் 2023, மதியம் 1.30

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி: "தமிழ்ப் பெயரில் ஃபோல்டர் வைத்திருக்கிறார்கள், கேள்விக்குறியாக வருகிறது."

வரும். டிக்ளேரில் பெயர் கிடைக்காவிட்டால் ஃபாக்ஸ்ப்ரோ தானே கடைசியில் ஏ சேர்த்துத் தேடும். ஏ என்றால் பழைய ஒற்றை பைட் எழுத்து. விண்டோஸில் தமிழுக்கு அப்படி ஒரு கோட்பேஜே (எழுத்து அட்டவணை) கிடையாது, யூனிகோட் மட்டும்தான். டபிள்யூ என்று முடியும் ஃபங்ஷனை நீங்களே பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். டேபிளில் யூடிஎஃப்-8 ஆகச் சேமித்து, கூப்பிடும் முன் ஸ்ட்ர்கான்வ் 12 போட்டு மாற்றி, பின்னால் ஒரு பூஜ்ய பைட்டை நீங்களே ஒட்ட வேண்டும். ஃபாக்ஸ்ப்ரோ ஒரு பூஜ்ய பைட்டைத்தான் சேர்க்கும், டபிள்யூ ஃபங்ஷனுக்கு முடிவு என்பது இரண்டு. ஒன்றோடு விட்டால் முடிவு தெரியாமல் அடுத்த நினைவகத்தையும் படித்துக்கொண்டு போகும்.

அளவிலும் கவனம். 'மதுரை' டேபிளில் 15 பைட், மாற்றிய பிறகு 10 பைட், விண்டோஸ் கணக்கில் 5. பாதை வாங்கும் டபிள்யூ ஃபங்ஷன் கேட்பது இந்த ஐந்தாம் கணக்கு. 520 பைட் பஃபர் எடுத்திருந்தால் 260 என்று சொல்ல வேண்டும். முதல் குறிப்பில் லென்(பஃபர்) என்றே கொடுங்கள் என்று எழுதியிருந்தேன், அது ஏ வகைக்கு. டபிள்யூ வகைக்கு அதில் பாதி. இல்லையென்றால் இருப்பதுபோல் இரண்டு மடங்கு இடத்தை நாமே அதற்குத் தாரைவார்க்கிறோம்.

2 ஜூலை 2023, மாலை 5.15

ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் வெளியே போகிறேன். மற்ற டேட்டாபேஸ்காரர்கள் இதே கேள்விக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஆரக்கிளில் பிஎல்/எஸ்க்யூஎல்லிலிருந்து சி ஃபங்ஷனைக் கூப்பிட்டால், எக்ஸ்ட்பிராக் என்ற தனி பிராசஸ்தான் அந்த டிஎல்எல்லை ஏற்றி ஓட்டும். அது செத்தால் அழைத்தவருக்குப் பிழை வரும், டேட்டாபேஸ் நிற்கும். எந்த லைப்ரரியை ஏற்றலாம் என்பதற்கும் தனி அனுமதி. போஸ்ட்கிரெஸ் வேறு வழி: பைத்தான் மொழியின் பெயருக்குக் கடைசியில் ஒரு யூ இருக்கும், நம்பிக்கைக்கு உட்படாதது என்று அடையாளம், அதில் ஃபங்ஷன் எழுத சூப்பர்யூசராக இருக்க வேண்டும். 9.3 பதிப்பில் காப்பி கட்டளையிலிருந்தே வெளிப் புரோகிராமை ஓட்ட வழி வந்தது, அதுவும் சூப்பர்யூசருக்குத்தான். 11-ல் அதற்கென்று தனி ரோல் வந்தது. ஆனால் போஸ்ட்கிரெஸில் சி ஃபங்ஷன் விழுந்தால் அந்த இணைப்பு மட்டும் போகாது. பொது நினைவகம் கெட்டிருக்கலாம் என்று மற்ற இணைப்புகளையும் வெட்டிவிட்டு மீட்புக்குப் போகும். எஸ்க்யூஎல் சர்வரில் கமாண்ட் ஷெல்லைக் கூப்பிடும் வசதி 2005 முதல் மூடித்தான் வருகிறது. யாராவது திறந்தால்தான் உண்டு.

இவர்கள் எல்லோரும் போட்டிருக்கும் வேலியை ஃபாக்ஸ்ப்ரோவில் நாம்தான் போட வேண்டும். கடைசிப் பதிப்பு 2004-ல் வந்தது, 2015 ஜனவரியோடு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவும் முடிந்தது, இனி யாரும் நமக்காகப் போடப்போவதில்லை. இன்னும் எத்தனை மண்டிகளின் கணக்கு இதில் ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கணக்கை நம்பி எத்தனை வீடுகள்! அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

2 ஜூலை 2023, இரவு 8.45

வேலி என்றால் என்ன என்று கேட்டுவிட்டார் மேலூர்த் தம்பி. நான் செய்வதைச் சொல்கிறேன்.

புராஜெக்டில் ஒரே ஒரு பிஆர்ஜி (புரோகிராம் ஃபைல்). டிக்ளேர் என்ற சொல் அதற்கு வெளியே எங்கேயும் இருக்காது. திரைகளிலிருந்து கூப்பிடுவது என் ஃபங்ஷனை, அது வெறும் ஸ்ட்ரிங்கோ எண்ணோ திருப்பித் தரும். பஃபர், ஹேண்டில், பாயின்டர் (நினைவக முகவரி) ஒன்றும் வெளியே வராது.

காரணம், டிக்ளேர் என்பது அந்த ஃபங்ஷனுக்குள் மட்டும் அடங்குவதில்லை. புரோகிராம் முழுவதற்கும் ஒன்றுதான். ஒரு திரையில் நீளத்தை @ போட்டு முகவரியாக அனுப்பும்படி டிக்ளேர் செய்திருப்பீர்கள். இணையத்தில் எடுத்த ஒரு துண்டு அதே பெயரை @ இல்லாமல் வேறு வகையில் டிக்ளேர் செய்யும். கடைசியாகச் செய்ததுதான் நிற்கும், உங்கள் திரை நேற்றுவரை ஓடியது இன்று விழும். அதற்குத்தான் ஆஸ் போட்டு என் பெயரை முன்னால் சேர்த்து மாற்றுப்பெயர் வைக்கிறேன். இப்போது எது எது டிக்ளேர் ஆகியிருக்கிறது என்று ஏடிஎல்எல்ஸ் ஃபங்ஷன் ஓர் அரேயில் தரும், சந்தேகம் வந்தால் அதைப் பாருங்கள். வெறும் கிளியர் டிஎல்எல்ஸ் போடாதீர்கள், மற்றவர் டிக்ளேர் செய்ததையும் சேர்த்து அழித்துவிடும். எதை அழிக்க வேண்டுமோ அதன் மாற்றுப்பெயரைப் பின்னால் கொடுக்கலாம்.

பெயரில் சின்ன எழுத்து, பெரிய எழுத்து முக்கியம். ஃபாக்ஸ்ப்ரோவில் வேறெங்கும் இதைப் பார்க்கப் பழகியிருக்க மாட்டோம். தவறினால் பிழை 1754 வரும்.

9 ஜூலை 2023, இரவு 9.30

மேலூர்த் தம்பி மண்டியில் சிஸ்(0)-க்கு மாற்றிவிட்டாராம். இப்போது அவருக்கு 1753 வருகிறது, எடை மெஷின் விற்றவர் தந்த டிஎல்எல்லை ஏற்ற முடியவில்லை என்று.

அந்த டிஎல்எல் 64 பிட்டாக இருக்கும் தம்பி. ஃபாக்ஸ்ப்ரோ 32 பிட் பிராசஸ், என்ன செய்தாலும் அதை உள்ளே ஏற்ற முடியாது. 32 பிட் பதிப்பு இருக்கிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள். இருந்தால், பில்லிங் இருக்கும் பொது நெட்வொர்க் ஃபோல்டரில் போடாதீர்கள். அங்கே எல்லோருக்கும் எழுதும் அனுமதி இருக்கும், அதே பெயரில் வேறொன்றை யாரும் வைத்துவிடலாம். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைத்து, டிக்ளேரில் முழுப் பாதையைக் கொடுங்கள்.

32 பிட் இல்லை என்றால் 64 பிட்டில் ஒரு சின்ன ஈஎக்ஸ்ஈ எழுதச் சொல்லுங்கள். அது எடையைப் படித்து டெம்ப் ஃபோல்டரில் ஒரு தற்காலிக ஃபைலில் எழுதி, முடித்த பிறகு சரியான பெயருக்கு மாற்ற வேண்டும். நீங்கள் அந்தப் பெயருக்காக டைமரில் பார்த்து, ஃபைல்டுஸ்ட்ர் போட்டுப் படித்துவிட்டு அழியுங்கள். பெயர் மாற்றும் படியை விடாதீர்கள், அது இல்லையென்றால் பாதி எழுதிய ஃபைலைப் படிப்பீர்கள். மெஷின் மாடல் எது, கேபிளில் அனுப்பும் வரி எப்படி இருக்கிறது என்று போடுங்கள். டிஎல்எல் இல்லாமலே நேராகப் படிக்க முடியும் என்றுதான் எனக்குப் படுகிறது.